அட்டையில் முதல் பெயர்

அதியமான்கோட்டை,
12.1.2025

அன்புள்ள சசி,

அரூரில் நீ சுகமாகத்தான் இருப்பாய் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். டிசம்பர் பிறந்ததிலிருந்து ஒரு வரி எழுதவில்லை நீ. கிறிஸ்துமஸ் வந்தால் எங்களையெல்லாம் உனக்குக் கண் தெரியாது. அனுப்பிய கேக் வந்தது. இவர் பஞ்சர் கடைக்கு எடுத்துப்போய் அங்கேயே தீர்த்துவிட்டு வெறும் டப்பாவோடு வந்தார்.

போனில் பேசேன் என்கிறாய். என் இடது காது முழுக்கப் போய்விட்டது, வலது காதில் பாதிதான் மிச்சம். நீ கத்தி, நான் கத்தி, நம் வீட்டுக் கதை ஹைவேயில் போகிற லாரிக்காரன் வரைக்கும் தெரிய வேண்டாம். பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தது இதற்காவது உதவட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பெண் மெஹக்குக்கு ஒரு இடம் வந்திருக்கிறது. உங்கள் ஊர்தான். புளி மண்டி நூர் பாஷா மகன் ஆமிர். அம்மா பெயர் ஜான் பீ. வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நீ கொஞ்சம் விசாரித்து எழுது. பையன் எப்படி, வீட்டில் குரல் உயர்த்துகிறவர்கள் யார், எல்லாம்.

போன மாதம் மெஹக் இரண்டு நாள் மாத்திரையை மறந்துவிட்டாள். குளியலறையில் விழுந்தாள். பதினான்கு வயதில் உன் வீட்டுத் தரையில் முதல் தடவை வலிப்பு வந்ததே, அதே மாதிரி. மூன்று வருடம் ஒன்றும் இல்லாமல் இருந்தது. இது எங்கள் வீட்டு நான்கு பேரையும் உன்னையும் தவிர யாருக்கும் தெரியாது. இந்த மாத மாத்திரையையும் வழக்கம்போலக் கண்டக்டர் சென்றாயனிடம் கொடுத்தனுப்பு. இங்கே மருந்துக் கடைக்காரர் இவருக்கு மாமன் மகன். சீட்டு அவர் கண்ணில் பட்டால் வெள்ளிக்கிழமைக்குள் பள்ளிவாசல் வரை போய்விடும்.

மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். ஒரு பிள்ளை பிறக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்கிறார் இவர். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய் என்பார்கள். நான் பொய்கூடச் சொல்லவில்லை, ஒன்றைச் சொல்லாமல் விடுகிறேன். அதற்கே பாதி ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்
நஸீமா


அரூர்,
20.1.2025

கர்த்தருக்குள் நான் நேசிக்கும் நஸீமாவுக்கு,

உன் வீட்டின்மேல் அவருடைய சமாதானம் தங்கட்டும். எழுதாமல் இருந்தது என் தப்புதான். சபையில் கீத ஆராதனை, அங்கன்வாடியில் எடை பார்க்கிற வாரம், இரண்டுக்கும் நடுவில் தலைவாரக்கூட நேரமில்லை.

நூர் பாஷா வீட்டை விசாரித்தேன். விசாரிப்பது என்ன, நானே மண்டிக்குப் போய் இரண்டு கிலோ புளி வாங்கினேன். ஆமிர்தான் நிறுத்துப் போட்டான். முகத்தைப் பார்த்துப் பேசுகிற பையன். ஜான் பீ உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "டீச்சருக்குக் கொட்ட எடுத்ததுல போடுப்பா" என்றார். அங்கே மூட்டை தூக்குகிற பெரியண்ணன் எங்கள் சபைக்காரர். "மொதலாளி வூட்டுல வேலக்காரங்களுக்கும் ஒரே சோறுதாங்க்கா" என்றார். இதைவிட என்ன வேண்டும்? தைரியமாகச் செய்.

மெஹக் விழுந்ததைப் படித்து அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மாத்திரை சென்றாயனிடம் கொடுத்துவிட்டேன்.

உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புத்தாண்டு ஆராதனையில் எங்கள் போதகர் எல்லாருக்கும் வீட்டுக்கொரு அட்டை கொடுத்தார். நம்மைச் சுற்றித் தேவையோடு இருக்கிறவர்களை நாம் பார்க்கிறோமா, அல்லது கடந்து போகிறோமா என்று கேட்டார். அட்டையில் ஐந்து பெயர் எழுத வேண்டும். எதிரே அவர்களுடைய தேவை. வருடம் முழுக்க அவர்களுக்காக ஜெபிக்க வேண்டும், கையால் ஆனதைச் செய்ய வேண்டும். காலையில் சாப்பிடாமல் அங்கன்வாடிக்கு வருகிற ஒரு குழந்தையை எழுதினேன். எதிர்வீட்டில் பிள்ளைகள் விட்டுவிட்டுப் போன பெரியவரை எழுதினேன். உன் வீட்டையும் எழுதினேன், எல்லாருக்கும் முதலாக. கோபித்துக்கொள்ளாதே. மாது என்னை விதவையாக விட்டுப் போனபோது முகம் தெரியாத யாரோ என் பெயரை இப்படித்தான் ஒரு சீட்டில் எழுதி ஜெபித்தார்கள். பதினொரு நாள் கஞ்சி கொண்டுவந்தார்கள். இல்லையென்றால் நானும் அவர் போன வழியிலேயே போயிருப்பேன். அது உனக்குத் தெரியும்.

உனக்காக முழங்காலில் நிற்கும்
சசிகலா


அதியமான்கோட்டை,
9.2.2025

அன்புள்ள சசி,

மாத்திரை வந்தது, கடிதமும் வந்தது. நிச்சயம் முடிந்துவிட்டது. ஏப்ரல் இருபத்தேழு, ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். உன் ஈஸ்டர் முடிந்து ஒரு வாரம், அதனால் சாக்குச் சொல்லாமல் வந்து சேர். பிரியாணி அண்டா பக்கத்தில் உனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன், யாரும் உன்னை எழுப்ப மாட்டார்கள்.

ஜான் பீ நல்ல மனுஷி. மெஹக்கின் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பயம். இன்றைக்கு வந்துவிடக் கூடாதே, இப்போது வந்துவிடக் கூடாதே என்று அவர்கள் கார் ஏறும்வரை மனசுக்குள் ஓதிக்கொண்டே இருந்தேன்.

என்னை அட்டையில் ஏற்றியிருக்கிறாய். சரி. நானும்தான் தொழுகையில் உன் பெயரைச் சொல்கிறேன், இருபது வருடமாக, அட்டை இல்லாமல். என்னை உன் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்து முக்கி எடுக்கலாம் என்று ஆசை இருந்தால் விட்டுவிடு, காதில் தண்ணீர் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

விளையாட்டு இருக்கட்டும். தேவை என்ற இடத்தில் என்ன எழுதினாய்?

நஸீமா


அரூர்,
14.2.2025

என் நஸீமாவுக்கு,

தேதி கேட்டு மனசு குளிர்ந்தது. இத்துடன் அடுத்த மாத மாத்திரையும் இருக்கிறது. நோன்பு வருகிறது, வேளை தவறக் கூடாது. டாக்டரிடம் கேட்டுவிட்டேன், விடியலுக்கு முன் சஹர் சாப்பாட்டோடு ஒன்று, நோன்பு திறந்ததும் ஒன்று போட்டால் போதுமாம். மெஹக்கிடம் நீயே எடுத்துக் கொடு.

அங்கன்வாடியில் ஆய்வு, அதனால் அவசரமாக முடிக்கிறேன்.

சசிகலா


அதியமான்கோட்டை,
1.3.2025

சசி,

நாளையிலிருந்து நோன்பு. வீடு கழுவியாகிவிட்டது. மெஹக் தைக்கக் கொடுத்த ஜாக்கெட் அளவு சரியில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். சோஹைல் தங்கைக்குக் கல்யாணம் என்று மூன்று சட்டை எடுத்துவிட்டான்.

நான் கேட்ட ஒரே கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. எட்டாவதில் என் ஜாமெட்ரி பாக்ஸைத் தொலைத்துவிட்டு நாலு நாள் என்னிடம் மழையைப் பற்றியே பேசினாய். உன் கடிதத்தில் அதே வாசனை வருகிறது. பதினைந்து நாளாக எனக்குத் தூக்கம் சரியில்லை. அட்டையில் என்ன எழுதினாய், அதை யார் பார்த்தார்கள், இரண்டையும் எழுது. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

நஸீமா


அரூர்,
8.3.2025

நஸீமா,

எழுதிவிடுகிறேன். நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

"மெஹக், அதியமான்கோட்டை. வலிப்பு நோய் நீங்க, வந்திருக்கும் வரன் தடையில்லாமல் கூடிவர." இதுதான் எழுதினேன். அட்டை என் பைபிளுக்குள் இருக்கும், நானும் கர்த்தரும் மட்டும் பார்ப்போம் என்றுதான் நினைத்தேன். உன்மேல் சத்தியமாக நினைத்தேன். ஜனவரி கடைசி வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எல்லா அட்டைகளையும் பீடத்தில் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். கையை வைத்து மொத்தமாக ஜெபிப்பார்கள் என்று இருந்தேன். ஆனால் சபை மூப்பர் பிரபாகர் ஐயா ஒவ்வொரு அட்டையிலும் முதல் ஜெபக் குறிப்பை மைக்கில் படிக்க ஆரம்பித்துவிட்டார். எழுந்து போய் வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். என் முறை வருவதற்குள் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். படித்துவிட்டார். எழுபது பேர் ஆமென் சொன்னார்கள்.

அவர்கள் உருகித்தான் ஜெபித்தார்கள், நஸீமா. பார்த்திராத பெண்ணுக்காக ஒரு அம்மா அழுதார். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

முடிந்து வெளியே வரும்போது பெரியண்ணன் பக்கத்தில் வந்தார். "அக்கா, மைக்ல மெஹக்குன்னு படிச்சாங்களே, அது எங்க மொதலாளி வூட்டுக்கு வர்ற பொண்ணுங்களா?" என்று கேட்டார். குடையைத் தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டேன். அவர் மண்டியில் சொன்னாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து அந்தத் தெரு வழியாக நான் போவதில்லை.

உன்னைக் காப்பாற்ற வேண்டும் என்று எழுதினேன். மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை.

சசிகலா


அதியமான்கோட்டை,
12.3.2025

சசிகலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இவருக்குக் காட்டவில்லை. காட்டினால் உன் வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

மாது எப்படிப் போனார் என்று எனக்குத் தெரியும். வாயைக் கழுவி, பூச்சிமருந்து பாட்டிலை எடுத்து மறைத்து, ஊருக்கு மாரடைப்பு என்று முதலில் சொன்னவள் நான். பத்து வருடமாயிற்று. இவரிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை. உன் சபையார் பதினொரு நாள் கஞ்சி கொண்டுவந்தார்கள், அவர்கள் நன்றாக இருக்கட்டும். அவர்களுக்கும் மாரடைப்பு என்றுதானே தெரியும்?

உன் கர்த்தரிடம் நீ என் மகள் பெயரைச் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. அவருக்கு மைக் எதற்கு?

மண்டியில் இருந்து இதுவரை ஒரு பேச்சும் வரவில்லை. நேற்றுகூட ஜான் பீ மெஹக்கிடம் போனில் பேசினார், வளையல் அளவு கேட்டார். அதனால் உன்னிடம் ஒரே ஒரு உதவி கேட்கிறேன். நீ ஒன்றும் செய்யாதே. பெரியண்ணனிடம் போய்ப் பேசாதே. போதகரிடம் போய் அழாதே. யாரிடமும் எதையும் சரிசெய்யப் போகாதே. சும்மா இரு. என்மேல் உனக்குப் பிரியம் இருக்கிறது என்றால் நாற்பத்தாறு நாள் சும்மா இரு.

நஸீமா


அரூர்,
20.3.2025

நஸீமா,

நீ சும்மா இரு என்றாய். நான் இருக்கவில்லை.

இரண்டு ஞாயிறாகப் பெரியண்ணன் ஆராதனைக்கு வரவில்லை. சொல்லிவிட்டார், அதனால்தான் என் முகத்தைப் பார்க்கக் கூசுகிறார் என்று நினைத்தேன். சனிக்கிழமை கடைவீதியில் ஜான் பீ எதிரே வந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். எனக்கு உயிரே போய்விட்டது. தெரிந்துவிட்டது, இன்றோ நாளையோ உன் வீட்டுக்கு ஆள் வரப்போகிறது, அதற்கு முன்னால் நான் போய் நோயைப் பற்றி எடுத்துச் சொன்னால், மாத்திரை போட்டால் ஒன்றுமில்லை என்று சொன்னால், அவர்கள் மனசு இளகும் என்று பட்டது. இரண்டு நாள் ஜெபித்தேன். போ என்று உள்ளே சொன்ன மாதிரி இருந்தது. இப்போது நினைத்தால் அது என் பயம்தான் பேசியிருக்கிறது.

திங்கட்கிழமை போனேன். ஜான் பீ நோன்பிலும் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். அன்றைக்குக் கடைவீதியில் கண்ணாடி போடாமல் வந்திருந்தாராம், "ஆரோ டீச்சர் மாதிரி தெரியுதேன்னு நெனச்சேனுங்க" என்றார். அதைக் கேட்டதும் எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் நான் முதல் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அது வாயிலிருந்து வந்துவிட்டது. "மெஹக்கப் பத்தி நீங்க கேள்விப்பட்டத வெச்சு முடிவு பண்ணிடாதீங்க" என்றேன்.

"என்னங்க கேள்விப்பட்டோம்?" என்றார்.

அப்புறம் நான் எதைச் சொல்லி மறைக்க? சொல்லிவிட்டேன். முழுவதும் கேட்டார். டம்ளரை வாங்கிக்கொண்டு வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

நேற்று பெரியண்ணன் வந்தார். வத்தல்மலையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாராம், காட்டு வேலை முடித்து வர இரண்டு வாரம் ஆகிவிட்டதாம். மண்டியில் யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன். மனுஷன் பயந்துபோய்விட்டார். "ஜெபக் குறிப்ப ஆராச்சும் வெளிய சொல்லுவாங்களாக்கா?" என்றார்.

இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. இத்துடன் மாத்திரைச் சீட்டின் நகலை வைத்திருக்கிறேன். என் கையால் வாங்கியது வேண்டாம் என்றால் தர்மபுரியில் வேறு கடையில் வாங்கிக்கொள். மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதே. முப்பதாம் தேதியோடு கையில் இருப்பது தீர்ந்துவிடும்.

சசிகலா


அதியமான்கோட்டை,
27.3.2025

சசி,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஜான் பீ செவ்வாய்க்கிழமை வந்தார். நடுவில் இருந்த மூன்று நாளும் நான் எப்படி இருந்தேன் என்று உனக்கு எழுதப்போவதில்லை.

நோன்பு திறக்கிற நேரத்துக்குத் தனியாக வந்தார். நூர் பாஷாவும் இல்லை, ஆமிரும் இல்லை. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார், கஞ்சி வேண்டாம் என்றுவிட்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இவர் தொழுகைக்குப் போயிருந்தார். வீட்டில் நானும் மெஹக்கும்தான்.

ஜான் பீ மெதுவாகப் பேசுகிறவர். என் காதில் ஒரு வார்த்தை விழவில்லை. உதட்டைப் பார்த்தேன், புரியவில்லை. மெஹக் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல என் வலது காதில் கத்திச் சொன்னாள்.

"நோயி பெருசில்லீங்கறாங்கம்மா. அவங்க அண்ணன் மவளுக்கும் இருக்காம்."

"இங்கருந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பாங்களாம்."

"வெளியாளு வாயால கேட்டோமுங்கறாங்க. நாளைக்கு இன்னும் என்ன மறச்சிருக்கோமோன்னு அவங்களுக்குத் தோணிட்டே இருக்குமாம்."

"நிறுத்திக்கலாமுங்கறாங்கம்மா."

என் மகள் தன் கல்யாணம் நின்றதைத் தன் வாயாலேயே எனக்குக் கத்திச் சொன்னாள், சசி. ஒரு வார்த்தையைக் குறைக்கவில்லை, கூட்டவில்லை. ஜன்னல் திறந்திருந்தது, தெருவே கேட்டது. மூடச் சொல்லிக் கை காட்டினேன். "இருக்கட்டும்மா" என்றாள்.

பிறகு ஜான் பீ பக்கம் திரும்பித் தன் பங்குக்கு ஏதோ சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். அந்த அம்மா அழுதார், மெஹக்கின் கையைப் பிடித்துக்கொண்டார், எழுந்து போனார். என்னடி சொன்னாய் என்று கேட்டேன். "அது எனக்கும் அவங்களுக்கும்" என்றாள். இரண்டு நாளாகக் கேட்கிறேன், அதே பதில்தான்.

நேற்றுக் காலை மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு அவளே இவருடைய மாமன் மகன் கடைக்குப் போய் வாங்கி வந்தாள். எல்லாரும் பார்க்க, கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். பயம் இருந்ததுதான், ஆனால் முன்பு மாதிரி இல்லை. மறைக்க ஒன்றும் மிச்சமில்லாத வீட்டில் ஒரு மாதிரி காற்று வருகிறது.

உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன்மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. பெருநாளுக்கு உனக்குச் சேமியா அனுப்ப மாட்டேன். அந்த மூன்று நாளும் உன் கடிதத்தை அடுப்பில் போடப் போய்ப் போய்த் திரும்பினேன். ஆனால் மறைத்தவள் நான்தான். உன் வாய் ஓட்டை என்று எட்டாவதிலிருந்து எனக்குத் தெரியும், தெரிந்தேதான் உன்னிடம் சொன்னேன். என் காது போன பிறகு என்னோடு பொறுமையாக நாலு வரி பேசுகிற ஆள் நீ ஒருத்தி. அதை நினைத்தால் உன்மேல் இன்னும் கோபம் வருகிறது.

ஏப்ரல் ஏழாம் தேதி, திங்கட்கிழமை, சேலத்தில் மெஹக்குக்குத் தலைக்குப் பரிசோதனை. தனியாகப் போய் டாக்டரிடம் பேசிக்கொள்கிறேன் என்கிறாள். தனியாக விட எனக்கு மனசில்லை, நான் போனாலும் டாக்டர் சொல்வது விழாது. உன்னைக் கூப்பிடட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "சசி ஆன்ட்டி வரட்டும். ஆனா டாக்டர் ரூமுக்கு வெளிய உக்காரட்டும். நீயும்தாம்மா" என்றாள்.

அரூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பது மணிக்குள் வந்துவிடலாம். வா. வெளியே பெஞ்சில் உனக்கும் இடம் பிடித்து வைக்கிறேன்.

நஸீமா